நூறு கஜம்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஓர் அத்தை இருந்தாள். பீடி, சுருட்டு எதையும் தொட்டறியாதவள். ஐம்பது வருஷம் விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதியதுதான் அவள் செய்த குற்றம். கடைசிக் காலத்தில் திண்ணையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எப்படி இருக்கீங்க அத்தை?" என்றால், "இருக்கேண்டா" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வைத்தியர் என்ன செய்வார்? மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த "இருக்கேன்" என்பதற்குள் எத்தனை படிகள் உண்டு என்று அளக்கப் புறப்பட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

மூச்சுக் காற்றை அளப்பது பழைய சங்கதி. 1846-ல் லண்டன் டாக்டர் ஜான் ஹட்சின்ஸன், தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஊதச் சொல்லி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மூச்சைக் கணக்கெடுத்தார். ஆனால் ஒரே அளவு ஊதுகிற இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார். மற்றவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். பாத்திரத்துக்கு இது தெரியாது.

நூறு வருஷம் கழித்து, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் நெஞ்சை ஆராய்ந்தார் சார்லஸ் பிளெட்சர். (1941-ல், உலகம் பெனிசிலினை அறியாதபோது, ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அந்த ஊசியைப் போட்டவரும் இவரே.) 1950-களில் அவர் யந்திரத்தை விட்டுவிட்டு வாயைத் திறந்து கேட்டார். லேசான மேடு ஏறினால் இளைக்கிறதா? சமதரையில் சமவயதுக்காரர்களோடு நடக்க முடியவில்லையா? நூறு கஜத்துக்குள் நின்றுவிடுகிறீர்களா? துணி உடுத்தவே மூச்சு வாங்குகிறதா? மொத்தம் ஐந்தே படி. என் அத்தை நாலாவதில் நின்று ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பிறகு கேள்விகள் பெருகின. 1987-ல் கனடாவில் கார்டன் கயாட், 1992-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் பால் ஜோன்ஸ். ஜோன்ஸின் தாளில் ஐம்பது கேள்விகள். நூறு வாங்கினால் படுமோசம். 2003-ல் ஜெர்மனியில் விண்டிஷ், வீட்டிலேயே சுவாசக் கருவியோடு வாழ்கிறவர்களுக்கென்று நாற்பத்தொன்பது கேள்விகள் வகுத்தார். தூக்கம், பயம், நாலு பேரோடு பழகுவது எல்லாம் அதில் வருகின்றன. அதில் நூறு வாங்கினால் பரம சௌக்கியம்! தாளை மாற்றிப் படித்துவிட்டால் நோயாளியின் கதி என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

ஜோன்ஸின் தாளை நான் படித்துப் பார்த்தேன். கோல்ப் ஆட முடிகிறதா, பனியை அள்ள முடிகிறதா என்றெல்லாம் வருகிறது. விறகடுப்பு வரவில்லை. லண்டனில் அதற்கு அவசியமில்லை. ஆனால் டாக்டர் பத்மாவதி, பர்மாவில் பிறந்து யுத்தகாலத்தில் கோயம்புத்தூருக்கு ஓடிவந்த குடும்பத்துப் பெண்மணி, 1959-லேயே டில்லி நோயாளிகள் 127 பேரைப் பற்றி எழுதினார். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயமும் கெட்டவர்கள் அவர்கள். புகைபிடிக்காத பெண்கள் இத்தனை பேருக்கு இது ஏன் வருகிறது என்று பார்த்தபோது, அவருடைய சந்தேகம் சமையலறைப் புகைமேல் விழுந்தது.

சென்ற தை மாதம் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கீழே கள்ளக்குறிச்சியில் 2022-ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குடிசை வாசலில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளிக் கிழவியிடம் பிளெட்சரின் கேள்வியைப் போட்டேன்.

"லேசான மேடு ஏறினால் மூச்சு வாங்குதா ஆயா?"

"இங்கே மேடில்லாத எடம் எங்கே சாமி இருக்கு?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேள்வியை மாற்றினேன். "முன்னே செய்த வேலையில் எதையெல்லாம் விட்டுட்டே?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "வெறகுக்கு மருமவ போறா. தண்ணிக்கும் அவதான். சாமை குத்தறதை விட்டு ரெண்டு வருசமாச்சு. குந்திக்கிட்டே செய்யறதுன்னு அடுப்பு ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம்" என்றாள்.

சொல்லிவிட்டு ஊதுகுழலைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.