குடிநீர்க் குழாய் பதிக்க சுற்றுச்சூழல் அனுமதி தேவையா? ஐயங்கார்குளத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

கிராமத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருகிறது என்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குழாய் போகிற வழியில் பழைய கோயிலோ, குளமோ, ஏரிக்கரையோ இருந்தால்? தோண்டுவதற்கு முன்னால் யாராவது வந்து பார்க்கணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஐயங்கார்குளத்தில் என்ன இருக்கிறது?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஊர் இது. சஞ்சீவிராயர் கோயில், அதையொட்டிய பெரிய குளம், விஜயநகரக் காலத்து நடவாவி கிணறு என மூன்றும் இங்கே உண்டு. நடவாவி என்றால் நடந்து இறங்கும் கிணறு. கல் படிகள் வழியே மண்ணுக்கடியில் இறங்கினால், கிணற்றைச் சுற்றிச் சிற்பத் தூண்கள் நிற்கும் மண்டபம். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் உள்ளே எழுந்தருளுவார். அப்புறம் ஊற்றுத் தண்ணீர் மறுபடி ஏறிவிடும்.

அதாவது, இந்த விழா நிலத்தடி நீரையும் சேர்த்துத்தான் நடக்கிறது. அதனால் இப்படிப்பட்ட ஊர்ல ஜேசிபி இறங்கும்போது தூண்களில் விரிசல் விடுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. குழாய்க்கான பள்ளம் குளத்தின் வரத்துக் கால்வாயைக் குறுக்கே வெட்டுகிறதா, திட்டத்துக்கான போர்வெல் எங்கே வருகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமா?

இல்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் இருக்கின்றன. குடிநீர்க் குழாய் இல்லை. காட்டு நிலம் வழியாகப் போனால் வனத்துறை அனுமதி வேண்டும். வேடந்தாங்கல் மாதிரி சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். சாதாரண கிராமச் சாலையோரத்துக்கு இவை எதுவும் பொருந்தாது.

தொல்லியல் சட்டமாவது தடுக்குமா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சேதி இருக்கு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. 2010 திருத்தம் கொண்டுவந்தது இது. ஆனால் அதே திருத்தம், பொதுமக்களுக்கான குடிநீர்ப் பணிகள் 'கட்டுமானம்' என்ற வரையறைக்குள் வராது என்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே தோண்டினால்தான் மத்திய அரசின் அனுமதி கட்டாயம். பட்டியலில் சேராத குளமோ சத்திரமோ என்றால் மத்தியச் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பும் கிடையாது.

குடிக்கிற தண்ணீருக்கு வருஷக்கணக்கில் ஃபைல் நகர வேண்டாம் என்பது நியாயமான சலுகைதான். அதற்காகப் பாதையை நடந்து பார்க்காமலே பள்ளம் எடுக்கணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உலக வங்கி 2018 முதல் கடன் கொடுக்கும் திட்டங்களில், பண்பாட்டு மரபுக்கென்றே தனித் தரநிலை இருக்கிறது. தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் வேலையை நிறுத்தி யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும்.

மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால்?

1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கணும். 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் தங்க நகைகள் கிடைத்தபோது, ஊர் மக்கள் முதலில் கொடுக்க மறுத்து, பிறகுதான் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். விதி தெரிந்திருந்தால் அந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் எங்கே கேட்கலாம்?

கிராம சபையில். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கான குடிநீர்ச் செயல்திட்டம் கிராம சபையின் பார்வைக்கு வர வேண்டும். குழாய்ப் பாதையின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குளம், வரத்துக் கால்வாய், கல்வெட்டு, நடுகல், பழைய கிணறு எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் குறிக்கச் சொல்லுங்கள். இவை ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு, ஒப்பந்ததாரரிடம் இருக்கும் வரைபடத்தில் இருக்காது. பள்ளத்தைச் சில மீட்டர் தள்ளி எடுப்பது பென்சில் கோடாக இருக்கும்போது சுலபம். குழாய் இறங்கிய பிறகு மாற்றினால் செலவும் கூடும், தண்ணீர் வருவதும் தள்ளிப்போகும்.