பீனிசம் என்னும் சைனஸ் அழற்சி

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சிற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்தோல் வீங்கி, வாசல் அடைபட்டு, சளி வெளியேற வழியின்றித் தங்குவதால் வரும் நோய் பீனிசம். ஆங்கில மருத்துவம் இதைச் சைனசிடிஸ் என்கிறது. "எனக்குச் சைனஸ் இருக்கு" என்று பேச்சில் சொல்கிறோம். சைனஸ் என்பது அறையின் பெயர், அது எல்லோருக்கும் உண்டு. கன்னத்தில் மேல்தாடைப் புழை, புருவத்துக்கு மேல் நெற்றிப் புழை, இரு கண்களுக்கு நடுவே சல்லடையெலும்புப் புழை, மண்டையோட்டின் அடியாழத்தில் ஆப்பெலும்புப் புழை என இவை நான்கு இணைகள். பிறக்கும்போது நெற்றிப் புழை உருவாகியிருப்பதில்லை. ஆறேழு வயதுக்குப் பிறகே அது தெளிவாகப் புலப்படும்.

தமிழ்ச் சித்த மருத்துவம் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி பீனிசத்தை 9 வகையாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்ற வழிப் பிரிவுகளோடு, மூக்கிலிருந்து வடிவது நீரா, சீழா, இரத்தமா என்பதை வைத்தும் அந்த நூல் வகை செய்கிறது. ஆயுர்வேதத்தின் சுசுருதர் இதற்கு நெருங்கிய பிரதிச்யாயம் என்ற நோயை ஐந்தாக மட்டுமே பிரித்தார். இன்றைய மருத்துவரும் நோயாளியிடம் சளியின் நிறத்தையும் தன்மையையும் கேட்பதால், சித்தர் வகைப்பாடு நோயாளியை உற்றுப் பார்த்து எழுந்தது என்றே கொள்ள வேண்டும். நொச்சித் தழை போட்டு வேது பிடித்தல், சுக்குத் தைலம் தேய்த்து முழுகுதல், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுதல் ஆகியவை அந்த மரபின் கைமருந்துகள். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை மூக்கால் இழுக்கும் பழக்கமும் வீடுகளில் உண்டு. ஆவி வேறு, புகை வேறு. புகை மூக்கின் உட்தோலை எரிச்சலூட்டும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது.

ஐரோப்பாவில் சளி மூளையிலிருந்து வடிகிறது என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்திருந்தது. 1660களில் கான்ராட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சளி மூக்கின் உட்தோலிலேயே சுரக்கிறது என்று காட்டி அதை முடித்துவைத்தார். அதற்குச் சற்று முன், 1651இல், இங்கிலாந்தின் நத்தானியல் ஹைமோர் கன்ன அறையை விரிவாக எழுதினார். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கிய குழி வழியே ஒரு பெண்ணுக்குக் கன்ன அறையின் சீழ் வடிந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டி நிற்பதால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் பல்லையும் பார்க்க வேண்டும் என்பது இன்றும் விதி.

1893இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல்லும் 1897இல் பாரிசின் ஆன்ரி லுக்கும் தனித்தனியே ஓர் அறுவையை முன்வைத்தனர். மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, எலும்பைத் திறந்து கன்ன அறையைச் சுத்தம் செய்து, சளி வடிய மூக்கின் கீழ்ப்பகுதிக்கு ஒரு புதுவழி வெட்டுவது அது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்ற கணக்கு. ஆனால் கன்ன அறையின் இயற்கை வாசல் அடியில் இல்லை; உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளி அந்த வாசலுக்கே கொண்டுசேர்க்கின்றன. அடியில் எவ்வளவு பெரிய துளை போட்டாலும் சளி பழைய வாசலையே தேடிப் போகும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் உள்நோக்கிக் குழாய் வழியே இதை ஆராய்ந்து, வாசலைச் சீராக்கினால் அறை தானே ஆறும் என்று காட்டினார். 1980களில் அதே நகரின் ஷ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் அதை உலகெங்கும் பரப்பினர். இந்நோயில் பார்க்க வேண்டியது அறையைவிட வாசலையே என்பது அப்போது உறுதியாயிற்று.

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தில் இந்த வாசலுக்குக் கூடுதல் சோதனை உண்டு. பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் உள்ள பழைய திருமுதுகுன்றம் இன்று பீங்கான் ஊர். கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் வெள்ளைக் களிமண் இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, பியூஸ் கேரியர் ஆகியவை இங்கே உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ஸ்பார் தூள்களைச் சேர்த்து அரைத்து, கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். ஈரமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. மூட்டையைக் கொட்டும்போதும், காய்ந்த பொருளின் பிசிறைச் சுரண்டித் தேய்க்கும்போதும், மாலையில் தரையைக் கூட்டும்போதும்தான் தூசி எழுகிறது. பெரிய துகள் மூக்கில் தங்கி நுண்மயிர்களின் வேலையைக் கெடுக்கிறது, உட்தோல் வீங்குகிறது. மிக நுண்ணிய சிலிக்கா நுரையீரல்வரை போய், குணமாகாத சிலிக்கோசிசைத் தருகிறது. தூசி நேராகப் பீனிசத்தைத் தருவதைக் காட்டிலும், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரிடம் அதை நீடிக்கச் செய்கிறது. ஈரத்துணியால் துடைப்பதும், தண்ணீர் தெளித்துக் கூட்டுவதும், துகளை வடிகட்டும் தரமான முகக்கவசமும் மாத்திரைக்கு முந்திய மருந்து. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது.

நோயை அறிய நான்கு குறிகள் போதும்: மூக்கடைப்பு, மூக்கின் முன்னோ தொண்டைக்குப் பின்னோ இறங்கும் கெட்டிச் சளி, முகத்தில் வலி அல்லது பாரம், வாசனை தெரியாமை. 4 வாரத்துக்குள் தீர்வது கடும் பீனிசம். 12 வாரம் தாண்டியது நாட்பட்டது. பெரும்பாலும் சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரசே காரணம், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. 10 நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்து வந்தது மீண்டும் முற்றினாலோ, தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாள் நீடித்தாலோ பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அப்போது மருத்துவர் அமாக்சிசிலின் போன்றதை எழுதுவார். தலைவலி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. சைனஸ் தலைவலி என்று தாமே நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே.

வீட்டு மருத்துவத்தில் சிறந்தது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. யோகப் பயிற்சியில் ஜலநேதி என்பதும் இதுவே. நன்கு கொதித்து ஆறிய 250 மி.லி. நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நாட்பட்ட பீனிசத்துக்கு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானை வாரக்கணக்கில் தவறாமல் பயன்படுத்த வேண்டும். கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். வேது பிடிப்பது இதமளிக்கும். சிறுபிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே விடக் கூடாது.

இன்று சி.டி. ஸ்கேனும் உள்நோக்கி அறுவையும் பரவலாகிவிட்டன. விருத்தாசலத்தார் மேல்சிகிச்சைக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்கின்றனர்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை, இதே அறைகள் வழியாகவே கண்ணையும் மூளையையும் எட்டியது. சர்க்கரை நோயாளிகளையே அது அதிகம் தாக்கியது. கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, மூக்கில் கருமை, கழுத்து விறைப்பு, உணர்வு மங்கல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.