திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளும் கிறித்தவ மாணவர் மன்றங்களும்

கல்லூரி மாணவர் மன்றம் இயல்பிலேயே நிலையாமை உடையது. உறுப்பினர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்று நீங்குவர். மன்றத்தைத் தோற்றுவித்தோரின் ஊக்கம் அவரோடு நீங்கிவிடுதலும் உண்டு. அங்ஙனமாகவும் சில மாணவர் இயக்கங்கள் நூற்றாண்டு கடந்தும் நிலைபெற்றுள்ளன. அவற்றை நிலைநிறுத்தியது யாது என்னும் வினாவுக்குத் திருச்சிராப்பள்ளியின் கல்லூரி வரலாற்றினின்று விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நகரில் கிறித்தவர் நிறுவிய பழைய கல்லூரிகள் இரண்டு. இயேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பெற்றது. மற்றொன்று ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த கல்லூரி. இந்நகரிலேயே 1826 ஏப்பிரல் 3-ஆம் நாள் உயிர்நீத்த பேராயர் ஹீபரின் பெயரை அது பின்னர்த் தாங்கிற்று. பெண்களுக்கென ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இல் தோன்றியது.

இக்கல்லூரிகளை நடத்தியோர் கிறித்தவர். பயின்றோருள் பெரும்பாலோர் இந்துக்கள். காவிரியைக் கடந்து திருவரங்கத்தினின்று நாள்தோறும் வந்து பயின்ற வைணவ இளைஞரும் அவருள் உளர். எனவே கிறித்தவக் கல்லூரியிலும் கிறித்தவ மாணவர் சிறுபான்மையினரே. 1890-களில் வளனார் கல்லூரியின் அந்தண மாணவர் சிலர் கத்தோலிக்க சமயம் தழுவியபோது நகரில் பெருங்கலக்கம் விளைந்தது. பிறரைத் தம்பால் ஈர்த்தலோ, தம்மைத் தாம் பண்படுத்திக்கொள்ளுதலோ, அனைவர்க்கும் தொண்டாற்றுதலோ மன்றத்தின் பணி எனும் வினா இத்தகைய சூழலில் எழுவது இயல்பே.

கத்தோலிக்கரிடை மாணவர் மன்றத்தின் முன்மாதிரி மிகப் பழமையானது. 1563-இல் உரோமைக் கல்லூரியில் தோன்றிய மரியன்னை சபை, இயேசு சபையாரின் கல்லூரிகள் தோறும் பரவிற்று. வழிபாடும் நல்லொழுக்கமும் வறியோர்க்கு உதவுதலும் அதன் நெறிகள். 1924-இல் இயேசு சபைக் குருவான கார்ட்டி அடிகளார் இட்ட வித்து, அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பாக வளர்ந்தது. தனித்தனிக் கல்லூரிகளில் இயங்கிய குழுக்கள் ஓர் அமைப்பில் இணைந்தமையால், ஓரிடத்தில் ஆர்வம் குன்றியபோது மற்றோரிடத்தினின்று துணை பெறும் வழி பிறந்தது.

சீர்திருத்தத் திருச்சபையாரிடையும் இத்தகைய இணைப்பே நிகழ்ந்தது. 1895-இல் சுவீடன் நாட்டில் உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவரான ஜான் மாட் அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி இந்தியக் கல்லூரி நகரங்களில் சுற்றுப்பயணம் செய்தார். இந்திய மாணவர் கிறித்தவ இயக்கம் 1912-இல் அமைந்தது. திருச்சபைப் பிரிவுகளைக் கடந்து மாணவர் ஒருங்கு கூடிப் பழகிய பழக்கம், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றுபடுதற்கு மனநிலையை ஆக்கிய காரணங்களுள் ஒன்று எனல் பொருந்தும்.

நிலைபேற்றுக்கு வந்த கடுஞ்சோதனை ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பிஷப் ஹீபர் கல்லூரி 1934-இல் திருச்சிராப்பள்ளியில் மூடப்பெற்றுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு இணைந்தது. அக்கல்லூரி 1937-இல் தாம்பரம் சென்றபோது, அங்கெழுந்த மாணவர் இல்லங்களுள் ஒன்று ஹீபர் பெயரைப் பெற்றது. 1966-இல் திருச்சிராப்பள்ளியிலேயே அப்பெயரால் கல்லூரி மீண்டும் தொடங்கிற்று. வகுப்பறை கலைந்த பின்னும் பெயரைக் காத்தது மாணவர் இல்லம் என்பது நோக்குக. இல்லத்தில் மூத்தோர் நீங்குமுன் இளையோர் வந்து சேர்கின்றனர். உடனுறைந்து வழக்கங்களைக் கற்கின்றனர். மன்றத்துக்கு வேண்டுவதும் இத்தொடர்ச்சியே.

கிறித்தவ நிறுவனத்தின் துணையில்லாத கல்லூரிகளில் நிலைமை வேறு. 1964-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய மண்டலப் பொறியியற் கல்லூரி போன்றவற்றில் மாணவர் தாமே முன்வந்தாலன்றிக் குழு அமையாது. 1954-இல் தோன்றிய இந்திய நற்செய்தி மாணவர் ஒன்றியம் மாணவர் முயற்சியையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு சிலர் கூடித் திருமறை பயிலும் சிறு குழுவே அதன் வேர். பொருட்செலவும் கட்டடமும் வேண்டாமை இம்முறையின் வலிமை; அடுத்த ஆண்டுக்குப் பொறுப்பேற்பாரை உரிய காலத்தில் பழக்காவிடின் குழு மறைதல் இதன் குறை.

உள்நோக்கிய வழிபாடு மட்டும் அமையுமோ எனும் வினாவும் எழுந்தது. கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்பைப் பல்லாண்டு வழிநடத்திய பிரெஞ்சு நாட்டுக் குரு செராக் அடிகளார், மாணவரைச் சிற்றூர்ப் பணிக்கு அழைத்துச் சென்றார். பின்னர் மானாமதுரைப் பக்கத்து வறண்ட நிலங்களில் கிணறு வெட்டும் பணியையும் அவர் நடத்தினார். 1970-இல் பூவிருந்தவல்லியில் வெளியிட்ட அறிக்கையில், நீதியற்ற சமுதாயத்தை மாற்றுதலைத் தம் கடமையாகக் கூட்டமைப்பினர் ஏற்றனர். தம் சமயத்தாரைக் காத்தற்கெழுந்த அமைப்பு, ஏழை எவராயினும் அவர்பொருட்டு உழைக்க முனைந்தது. முன்னர்க் கூறிய வினாவுக்கு வந்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

இவற்றால் பெறப்படுவன மூன்று: மூத்தோரும் இளையோரும் ஒருங்கு பழகும் இடம், தலைமுறை மாறினும் உடனிருக்கும் ஆசிரியர் ஒருவரின் துணை, வளாகத்துக்கு அப்பாலும் செல்லும் தொண்டு. முதலிரண்டும் மன்றத்தை நிலைநிறுத்துவன. மூன்றாவது அது நிலைத்தற்குரிய காரணத்தைத் தருவது. காவிரியின் இருகரையிலும் வெவ்வேறு சமயத்தார் வாழும் இந்நகரில், அயலார்க்கும் பயன்படுதலே சிறுபான்மை மன்றம் ஒன்றன் நிலைபேற்றுக்கு உறுதியான அடிப்படை எனத் துணியலாம்.