சென்னை காசநோய் வீட்டுச் சிகிச்சை ஆய்வு

காசநோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதை அறிய 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வு. மருந்தின் திறனோடு நோயாளியின் உணவு, உழைப்பு, குடும்பம், மருந்துண்ணும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்ததால், நோயாளி பராமரிப்பு ஆய்வுகளின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

பின்னணி

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நோயைத் தீர்க்கும் மருந்து கிடைக்கவில்லை. ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. இதற்கெனச் சேனடோரியங்கள் எழுந்தன. தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சவுரி முத்து நிறுவியது அவற்றுள் ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகள் 1940களிலும், விலை குறைந்த ஐசோனியாசிட் 1952இலும் வந்தன. மருந்து கிடைத்தும், நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்தியாவில் படுக்கைகள் மிகக் குறைவாகவே இருந்தன.

ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சேத்துப்பட்டில் ஆய்வு மையத்தை அமைத்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர்கள் சேனடோரியத்திலும் ஓராண்டுக்கு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகளை உட்கொண்டனர்.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர், குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர். சேனடோரியத்தில் இருந்தவர்களின் எடையே அதிகம் கூடியது. ஆயினும் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர் சேனடோரியப் பிரிவில் 92 விழுக்காடு, வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு. ஐந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவில் இந்தச் சிறு வேறுபாடும் மறைந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம் இதனால் வலுவிழந்தது. முதல் முடிவுகள் 1959இல் வெளியாயின.

மருந்துண்ணும் பழக்கம்

இருமலும் காய்ச்சலும் சில வாரங்களில் தணிந்தாலும் மருந்தை ஓராண்டு விடாமல் உண்ண வேண்டியிருந்தது. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீர் மாதிரியும் வாங்கினர். பி.ஏ.எஸ். உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கலந்தால் நிறம் மாறும். பலர் இடையிடையே மருந்தை விட்டுவிடுவது இச்சோதனைகளால் தெரியவந்தது.

இதற்குத் தீர்வாக, வாரம் இருமுறை மருத்துவ ஊழியரின் முன்னிலையில் மருந்தளிக்கும் முறை சோதிக்கப்பட்டது. 1964இல் வெளியான முடிவின்படி இம்முறையில் 94 விழுக்காட்டினருக்கும், வீட்டில் தாமே நாள்தோறும் மருந்துண்ட பிரிவில் 85 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 'டாட்ஸ்' என்னும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவே முன்னோடி.

தொடர்ச்சி

வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட தேசிய காசநோய்த் திட்டம் 1962இல் தொடங்கியது. பல நாடுகளில் சேனடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. சென்னை மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறியது. நோயால் குடும்பத்துக்கு ஏற்படும் வருமான இழப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது ஆகியவற்றையும் அதன் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

மருந்து முறையாகக் கிடைத்தால் எளிய உணவோடும் நோய் தீரும் என்று காட்டிய இவ்வாய்வை, உணவு முக்கியமல்ல என்பதற்குச் சான்றாகக் கொள்வது தவறு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்களின் விகிதம் 39 விழுக்காடு குறைந்தது. நோயாளியைக் குணப்படுத்த மருந்தும், அவர் வீட்டாரை நோயிலிருந்து காக்கப் போதிய உணவும் தேவை என்பதே இரு ஆய்வுகளும் சேர்ந்து தரும் முடிவு.