சாலையில் கிடக்கும் பொருளும் மெய்ப்பிக்கும் சுமையும்

லாரி டயரிலிருந்து உரிந்த ரீட்ரேட் பட்டை, சிதறிய ஜல்லி, அறுந்த தார்ப்பாய்க் கயிறு, ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து சரிந்த கரும்பு: தமிழக நான்குவழிச் சாலைகளில் வண்டி ஓட்டுவோருக்கு இவை பழகிப்போனவை. இவற்றில் மோதி கார் சேதமடைந்தால் செலவை ஏற்க வேண்டியவர் யார்? பொருளை விழவிட்ட வாகனத்தார், சாலையைப் பராமரிப்பவர், காப்பீட்டு நிறுவனம் என மூவரைச் சட்டம் காட்டுகிறது. கடைசியில் பணம் கட்டுவது பெரும்பாலும் கார் உரிமையாளர்தான். உரிமை ஏட்டில் இருந்தும் கைக்கு எட்டாததற்குக் காரணம், மெய்ப்பிக்கும் சுமை தவறான தோளில் ஏற்றப்பட்டிருப்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலாமவரின் பொறுப்பில் ஐயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 165-இன்படி, மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். சேதம் நேர்ந்த கணத்தில் லாரி அங்கே இருந்திருக்க வேண்டுமா? கவிழ்ந்துகிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அந்த வெடிப்பும் வாகனப் பயன்பாட்டிலிருந்து எழுந்ததே என உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அந்த ஏரணப்படி, விடியற்காலையில் விழுந்த இரும்புக் கம்பி முற்பகலில் விளைவிக்கும் சேதத்துக்கும் லாரிக்காரர் பொறுப்பாகலாம். ஆனால் வண்டி எண் தெரிந்தால்தானே வழக்கு? அடையாளம் தெரியாத வாகனங்களுக்கான பிரிவு 161 உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தருகிறது. பொருட்சேதத்துக்கு ஒன்றும் இல்லை.

காப்பீட்டைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு சிறிய காரின் பம்பருக்கு 8,000, டயருக்கு 6,000 ரூபாய் செலவு என்று கொள்வோம். வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். டயருக்கும் பாதிதான், அதுவும் வண்டியின் வேறு பாகம் உடன் சேதமடைந்திருந்தால் மட்டும். கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கைக்கு வருவது 6,000. ஆனால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால் மறு ஆண்டு 5,000 கூடுதலாகக் கட்ட வேண்டும்; அடுத்த ஆண்டு போனஸ் 20 சதவீதமே என்பதால் மேலும் 3,000. ஆக, கிளெய்ம் செய்தவருக்கு இரண்டே ஆண்டில் 2,000 ரூபாய் நட்டம். இதை அறிந்தவர்கள் மெக்கானிக்கிடம் பேரம் பேசிக் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எஞ்சுவது சாலையைப் பராமரிப்பவர். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 198ஏ, சாலைப் பராமரிப்பில் தவறுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால்தான். பொருட்சேதத்துக்குப் பொதுவான தீங்கியல் சட்டத்தையே நாட வேண்டும். டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில், விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. இதை அப்படியே பொருத்த முடியாது. மணிக்கூண்டு மாநகராட்சியுடையது, டயர் பட்டை யாரோ ஒருவருடையது. ஆயினும் சுங்கச் சாலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 2025 ஆகஸ்டில் பாலியேக்கரா சுங்கச்சாவடியில் கட்டண வசூலைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. நெரிசல் பற்றிய வழக்குதான் அது. எனினும், கட்டணம் வாங்குபவர் தடையற்ற பயணத்துக்குக் கடமைப்பட்டவர் என்ற கொள்கை அதில் வலுப்பெற்றது.

அப்படியானால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அப்பொருள் எவ்வளவு நேரம் அங்கே கிடந்தது? காரோட்டிக்கு இது தெரிய வழியில்லை. ரோந்து வாகனப் பதிவேடு, கண்காணிப்புக் கேமராப் பதிவு, 1033 உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் எல்லாம் சாலை நிர்வாகத்தின் பக்கம் இருப்பவை. ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த உண்மையை மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 109. சுங்கச் சாலை வழக்குகளில் இவ்விதியைப் பொருத்துவதே நியாயம். காரோட்டி சேதத்தையும் இடத்தையும் நேரத்தையும் நிறுவட்டும். உரிய இடைவெளியில் ரோந்து நடந்தது என்பதை நிர்வாகம் நிறுவட்டும்.

அடுத்தவர் போட்ட குப்பைக்கெல்லாம் சாலை நிர்வாகம் காப்பீட்டு நிறுவனமாக முடியுமா என்று கேட்கலாம். இங்கே கோருவது முழுப்பொறுப்பு அன்று. ஐந்து நிமிடம் முன்பு விழுந்த கல்லை எந்த ரோந்தும் கண்டிருக்காது. பதிவேடு அதைக் காட்டினால் நிர்வாகம் விடுபடும். முன்செல்லும் வண்டிக்கு உரிய இடைவெளி விடாத காரோட்டியின் தொகை, பங்களிப்புக் கவனக்குறைவால் குறையும். பொறுப்பேற்க நேரும் நிர்வாகமும் கையறு நிலையில் இல்லை. எந்த லாரி எந்நேரம் சாவடியைக் கடந்தது என்பது ஃபாஸ்டேக் பதிவில் இருக்கிறது. அதைக் கொண்டு லாரிக்காரரைத் தேடிப்பிடித்து, கொடுத்த தொகையை வசூலிக்க நிர்வாகத்தால் முடியும், காரோட்டியால் முடியாது. தேடும் வசதி எவரிடம் இருக்கிறதோ, முதலில் பணம் கட்டும் பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும்.