லுட்விக் குவிட்டே

லுட்விக் குவிட்டே (1858–1941): ஜெர்மானிய வரலாற்றறிஞர், சமாதான இயக்கத் தலைவர். பிரேமன் நகரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஸ்ட்ராஸ்பூர்க், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் பயின்று, இடைக்கால ஜெர்மானியப் பேரரசு மன்றங்களின் ஆவணங்களைப் பதிப்பிக்கும் பணியில் சேர்ந்தார். 1889இல் வரலாற்று ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் ரோமிலிருந்த பிரஷ்ய வரலாற்று நிறுவனத்தில் சில காலம் இருந்தார்.

அவர் பெயரை நாடறியச் செய்தது 1894இல் வெளியான ‘கலிகுலா’ என்னும் சிறு நூல். ரோமப் பேரரசன் கலிகுலாவின் அதிகார வெறியைப் பற்றிய ஆய்வு அது. இளவயதில் பட்டமேறியவன், பழுத்த அமைச்சரை ஒதுக்கியவன், ஆடம்பரத்திலும் போர் விளையாட்டிலும் மோகம் கொண்டவன், கடலையே வெல்லப் புறப்பட்டவன் என்று விரியும் சித்திரத்தில் அப்போதைய ஜெர்மானியப் பேரரசரான கைசர் இரண்டாம் வில்லியமின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. செய்திகளுக்கெல்லாம் சூட்டோனியஸ் முதலிய பழைய ஆசிரியர்களின் சான்று அடிக்குறிப்பில் இருந்தது. கைசர் ஒதுக்கிய முதுபெரும் அமைச்சர் பிஸ்மார்க் பதவியிழந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்ததால் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒப்புமையைச் சுட்டிக்காட்டி முதலில் கொதித்தெழுந்தது கைசரின் ஆதரவு ஏடான ‘குரோய்ட்ஸ் சைட்டுங்’ என்பர். விற்பனைக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது; நூல் முப்பது பதிப்புகளைக் கடந்தது. நூலில் யாரைக் குறிப்பிட்டீர் என்று வினவிய அரசு வழக்கறிஞரிடம், நீங்கள் யாரை நினைத்தீர்கள் என்று குவிட்டே திருப்பிக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ, பின்னர் புனையப்பட்டதோ, அவருக்குப் பொருந்தவே செய்கிறது. இந்நூலுக்காக அவரைத் தண்டிக்க இயலவில்லை. 1896இல் முதலாம் வில்லியமின் நினைவுப் பதக்கம் பற்றிய பேச்சுக்காக, அரச நிந்தனைக் குற்றத்தில் மூன்று மாதம் சிறையிலிருந்தார். வரலாற்றுத் துறையினர் அவரை ஒதுக்கினர்.

இதன்பின் சமாதானப் பணியே முதன்மையாயிற்று. 1907இல் மியூனிக்கில் உலக சமாதான மாநாட்டை நடத்தினார். அதே ஆண்டு பவேரிய சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1914 முதல் 1929 வரை ஜெர்மானிய சமாதானச் சங்கத்தின் தலைவர். முதல் உலகப்போரின்போது நாடு பிடிக்கும் நோக்கங்களை எதிர்த்தார். ஆயினும் அவரது நிலைப்பாடு மிதமானது என்று இளைய அமைதிவாதிகள் குறைகூறினர். அந்தக் குறை எவ்வளவு நியாயமானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1919இல் தேசிய மன்ற உறுப்பினராக வெர்சாய் உடன்படிக்கையை எதிர்த்தார். 1924இல் இரகசியப் படைப் பயிற்சியைக் கண்டித்து எழுதியதற்காகக் கைதானார். 1927இல் பிரான்சின் பெர்டினான் புய்சோனுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெனீவாவுக்குச் சென்றார். யூத மரபுவழியினரான மனைவி மார்கரெத்தே மியூனிக்கிலேயே தங்கி 1940இல் மறைந்தார். மறு ஆண்டு மார்ச்சில் குவிட்டேயும் ஜெனீவாவில் காலமானார். முதல் உலகப்போர்க் கால ஜெர்மானிய அமைதி இயக்கம் பற்றி அவர் எழுதிவைத்த கையெழுத்துப்படி 1979இல் அச்சேறியது.