கூடைக் கழிவும் பூனையின் கிண்ணமும்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் முதலில் கழிக்கப்படுவது கூடை. முதுகில் சுமந்து வந்த கூடை தராசில் ஏறியதும் கிராணி எடையைப் படிப்பார். கூடையின் எடையைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் ஏட்டில் பதிவார். மழை நாளென்றால் இலையில் ஒட்டிய நீருக்கும் கழிவு உண்டு. ஜே. ஏ. ரசலும், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்னும் 1929இல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார்கள். லெம்பா பெர்த்தாம், ரிங்லெட், ஹாபு வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அன்றுதொட்டு இந்தக் கணக்கு அத்துப்படி. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. மற்றதெல்லாம் தண்ணீர். கூடை நிறைந்திருப்பதும் சரக்கு இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த மலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே அறிவு அடுப்படிக்கு வரத் தாமதமாயிற்று. பூனையின் கிண்ணத்துக்கோ இன்னும் வந்து சேரவில்லை. ஓர் உயிருக்கு எவ்வளவு உணவு என்பதைப் பாத்திரம் சொல்லாது. எடையும் அந்த எடைக்குள் இருக்கும் சத்தும் சேர்ந்துதான் சொல்லும். மலாயாத் தோட்டங்களின் உணவு வரலாறு இதற்குச் சாட்சி.

மலாயாவில் அரிசி கந்தாங்கால் அளக்கப்பட்டது. நாலு சுப்பாக் ஒரு கந்தாங். ஆங்கிலேயர் அதை ஒரு காலன் என்று நிலைப்படுத்தினார்கள். மீனும் காய்கறியும் கட்டிக் கணக்கில், அதாவது ஏறத்தாழ 605 கிராம் எடையில், தராசில் நிறுக்கப்பட்டன. வயிற்றை நிரப்பும் அரிசி மட்டும் பாத்திரத்தோடு நின்றது. வீட்டுக்குள் அது காலியான பால்டின்னாக மாறியது. தலைதட்டி அளந்தால் ஒன்று, கோபுரமாகக் குவித்து அளந்தால் வேறொன்று. பாத்திரத்தைத் தட்டி உலுக்கினால் இன்னொன்று. இந்தச் சிக்கலை நம் முன்னோர் அறியாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லும்போது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரையும் சேர்த்தே பொறிக்கின்றன. எந்தப் பாத்திரம் என்று சொல்லாத அளவு அளவே அல்ல என்பது ராசராசன் காலத்துக் கணக்கருக்குத் தெரிந்திருந்தது. பூனைத் தீனியை “ஒரு கப் போடு” என்று சொல்லும்போது நாம் அந்தக் கணக்கருக்குப் பின்னால் நிற்கிறோம். லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அளவுக் குவளையால் அளந்த உலர் தீனி உரிய எடையைவிட 18 விழுக்காடு குறைவு முதல் 80 விழுக்காடு அதிகம் வரை தாறுமாறாகப் போயிற்று. சின்ன அளவுகளில்தான் பிழை பெரிதாக இருந்தது. பூனையின் சாப்பாடு எப்போதுமே சின்ன அளவு.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மலாயா கொடுத்த விலை பெரிது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, கடைசியில் இதயம் ஓய்ந்துபோகும். சீனச் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய அந்த நோய், பக்கத்திலேயே வாழ்ந்த தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி என்பதை நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் கவனித்தார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஃபிளெட்சர் நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் நோயும் சாவும். புழுங்கலரிசிப் பக்கம் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் தயாமின் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. அவிக்காமல் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சோறு. ஜப்பானியர் காலத்தில் அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கு தட்டை நிரப்பியபோதும் இதுவே நடந்தது. வயிறு கனத்தது, உடம்பு தேயத்தான் செய்தது. பூனைக்கும் இதற்கு நிகரான ஒரு கதை உண்டு. 1987இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், டாரின் என்னும் சத்து குறைந்த தீனியைத் தின்ற பூனைகளுக்கு இதயத் தசை தளர்ந்து விரிவதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பூனைகள் பட்டினி கிடந்தவை அல்ல. கடையில் வாங்கிய தீனியை வயிறு நிறையத் தின்றவை.

உணவை வெப்பத்தின் அலகால் எண்ணும் கலோரிக் கணக்கு மனிதரையும் விலங்கையும் பிரித்துப் பார்க்காமலே பிறந்தது. ஜெர்மனியில் ரூப்னர் 1894இல் நாயை ஒரு பெட்டிக்குள் வைத்து, அது தின்ற உணவின் ஆற்றலும் அதன் உடல் வெளிவிட்ட வெப்பமும் ஒத்துப்போவதைக் காட்டினார். அமெரிக்காவில் அட்வாட்டர் வகுத்த கணக்குப்படி புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. பூனை, நாய்த் தீனிக்கு இதையே சற்றுக் குறைத்து 3.5, 8.5 என்று வைக்கிறார்கள். தமிழர் உணவுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்ததும் ஒரு தேயிலை மலைதான். குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல், கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும் எண்களாக்கியது. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, அதுவே சோறானால் நூறு கிராமுக்கு 130 அளவில் வந்து நிற்கும், நீர் ஏறிவிடுகிறது. பூனையின் உலர் தீனிக்கும் டின் உணவுக்கும் உள்ள வேறுபாடும் இதேதான். முன்னது நூறு கிராமுக்கு 350 முதல் 400, பின்னது பெரும்பாலும் 80 முதல் 100. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை அதே கிண்ணத்தில் அதே உயரத்துக்குப் போடுகிறவர், அரிசிக்குப் பதில் அதே அளவு கஞ்சி ஊற்றுகிறவரைப் போன்றவர்.

உண்பதை அளப்பது நம் வழக்கத்துக்கு விரோதம் என்று சொல்வார்கள். இது வலுவான மறுப்பு. ‘அளந்து போடுகிறாள்’ என்பது நம்மில் வசவு. தோட்ட வரலாற்றில் அதற்குக் கசப்பான காரணமும் உண்டு. 1920களில் தொழிலாளியின் மாத உணவைக் கணக்கிட்டே கூலி நிர்ணயித்தார்கள்: எளிதில் போய்ச்சேரும் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40, பகாங்கின் உட்பகுதிகளில் 58, 46. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அதிலும் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். அளவு என்பது குறைத்துக் கொடுப்பதற்கான கருவி என்று அந்தத் தலைமுறை நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் தராசினுடையது அல்ல, தராசைப் பிடித்த கையினுடையது. 1936இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை விசாரித்தபோது வழக்கு எண்களில்தான் பேசப்பட்டது. அளவு தெரியாதவனுக்குக் குறைந்ததைக் காட்டவும் வழி இல்லை. வாய் பேசாத பூனைக்கு இது இன்னும் பொருந்தும். அளப்பது அதைக் குறைப்பதற்காக மட்டும் அல்ல. கொழுத்த பூனையைத் திடீரென்று பட்டினி போட்டால் சில நாட்களிலேயே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எடையை வாரத்துக்கு ஒரு விழுக்காட்டளவில் மெதுவாக இறக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கில் அது நடக்காது.

லயத்துப் பூனைகள் மீன் தலையும் சோறும் தின்று அளவில்லாமலே வாழவில்லையா என்பது அடுத்த கேள்வி. அவை சோற்றால் மட்டும் வாழவில்லை. எலி பிடித்தன, எலியின் உடலில் டாரினும் புரதமும் இருந்தன. மலைச்சரிவில் ஓடித் திரிந்தன. பல அற்ப ஆயுளில் செத்தும் போயின. அவற்றை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. இன்று கருத்தடை செய்து கதவுக்குள் வளரும் பூனைக்குப் பசி கூடுகிறது, செலவு குறைகிறது. தனக்கு வேண்டியதைப் பூனையே அறியும் என்ற நம்பிக்கை எலி வேட்டைக்குப் பொருந்தலாம். நாளெல்லாம் நிறைந்திருக்கும் கொழுப்புச் சுவை ஏற்றிய கிண்ணத்துக்குப் பொருந்தாது. பொதியின் மேல் அளவு போட்டிருக்கிறதே என்றால், அது சராசரிப் பூனைக்கான தொடக்கப் புள்ளி. பக்கத்திலேயே கிலோவுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்தான் கூடுதல் பயன் தரும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நான்கு கிலோ எடையுள்ள பூனையின் ஓய்வுநிலைத் தேவை நாளுக்கு 200 கலோரியை ஒட்டி வரும். அதன் வயதும் ஓட்டமும் பார்த்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார். கிலோவுக்கு 3,800 கலோரி தரும் தீனி என்றால் 200 கலோரிக்கு 53 கிராம். இதோடு தினமும் ஐந்து கிராம் கூடிப்போனால், அதாவது விரல் நுனியில் அள்ளும் சில மணிகள், நாளுக்கு 19 கலோரி, ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000. தாளில் அது ஒரு கிலோ கொழுப்புக்குச் சற்றுக் குறைவு. உடம்பு கொஞ்சம் எரித்துத் தள்ளும் என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு கிலோ உடலில் அரைக் கிலோ ஏறுவது அறுபது கிலோ மனிதருக்கு ஏழரைக் கிலோ ஏறுவதற்குச் சமம். கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 53 கிராம் கொட்டினால் கிண்ணத்தின் அடிகூட முழுதாக மறையாது. முதல் தடவை பார்க்கிறவருக்கு மனம் ஒப்பாது. கை தானாக இன்னொரு பிடிக்குப் போகும். அந்தக் கையைத் தடுக்கும் வழி, மாதம் ஒருமுறை பூனையையே நிறுப்பது. ஆள் தூக்கிக்கொண்டு ஏறும் எடை மேடை நூறு கிராம் முன்பின் காட்டும். பூனைக்கு அது பெரிய பிழை. பூனையைக் கூடைக்குள் உட்கார்த்தி, காய்கறிக்கடைத் தராசு போன்ற ஒன்றில் வைத்து, எடையைப் படித்து, பிறகு வெறுங்கூடையை வைத்து அதன் எடையைக் கழித்து, மிச்சத்தைத் தேதியோடு ஏட்டில் பதிய வேண்டும்.